ஓட்டைக்குளத்தார் இங்கிலீஷைப் பங்கு போட்ட கதை

ஓட்டைக்குளத்து ஜனங்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முட்டாள் என்றால் யோசிக்கத் தெரியாதவன். இவர்கள் அப்படியா? எதையும் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, எச்சில் துப்பி, நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். வம்பே அதில்தான் ஆரம்பிக்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பொதுவில் எது வந்தாலும் பங்கு போட்டுவிட வேண்டும். குளத்துத் தண்ணீர் முறை வைத்துப் பங்கு. குளத்து மீன் பங்கு. கோயில் புளியமரம் கிளை கிளையாகப் பங்கு. இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்பீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புளியமரத்து நிழலும் பங்கு. காலை நிழல் மேற்குத் தெருவுக்கு, சாயங்கால நிழல் கிழக்குத் தெருவுக்கு. மத்தியான நிழல் எங்கேயும் போகாமல் மரத்தடியிலேயே கிடப்பதால் அது மரத்துக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பங்கு என்று ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்தவர் அதைத் தொடக் கூடாது. தொட வேண்டுமானால் உடையவரைக் கேட்க வேண்டும். பங்கு வாங்கினவரும் அதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது, தினமும் அனுபவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பறிபோய்விடும். இந்த நியாயமெல்லாம் தவசி என்கிறவர் கையில் இருந்தது. அவர் ஒரு மூங்கில் கோல் வைத்திருந்தார். அவர் கோல் வைத்து அளந்து சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள் வேம்பு. வகுப்பு லீடர் வேறு. அவளுக்கு இருந்தது ஒரே கவலை. பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். ப்ளஸ் ஒன் படிக்க டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அவள் அப்பா மாயாண்டி பஸ் என்கிற பேச்சையே வீட்டுக்குள் விடமாட்டார்.

காரணம் இருந்தது. மாயாண்டி ஒரு தடவை டவுனுக்குப் போக பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாயாண்டி சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷன். உள்ளே போனார், இன்னும் உள்ளே போனார், கடைசியில் பின்வாசல் வழியாக ரோட்டில் இறங்கி நின்றார். பஸ் போய்விட்டது. அன்றைக்கே அவர் தீர்மானித்துவிட்டார், பஸ் என்பது ஆளைக் கொண்டு போகிற சாமான் இல்லை, ஆளை ஒரு வாசலில் வாங்கி இன்னொரு வாசலில் விடுகிற சாமான்.

"ப்ளஸ் ஒன்னு இங்க வந்துச்சுன்னா படி. நீ அதைத் தேடிப் போறதா இருந்தா படிப்பே வேண்டாம், ஆடு மேய்க்கப் போ," என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

வேம்பு அன்றைக்கு ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்குப் பெரிய படிப்பு படித்து பஸ் கண்டக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. கண்டக்டராகி, அப்பாவை பஸ்ஸில் ஏற்றி, அவர் பாதி தூரம் உள்ளே போனதும் "போதும், நில்லுங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாமல்தானே அவர் டவுனையே பார்க்காமல் கிடக்கிறார்.

அப்படி இருக்கையில் ஒரு நல்ல சேதி வந்தது. இங்கிலீஷ் டீச்சர் ஜெசிந்தா வகுப்பில் வந்து சொன்னார்: கல்வி அதிகாரி ஒருவர் ஊருக்கு வரப்போகிறார், பிள்ளைகளுக்கு உயர்ந்த தரத்து இங்கிலீஷ் வார்த்தைகள் தெரிகிறதா என்று பார்ப்பார், தெரிந்தால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ப்ளஸ் ஒன் வகுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். 'பிக்', 'ஸ்மால்', 'சேட்' எல்லாம் செல்லாது. வாயை நிறைக்கிற மாதிரி வார்த்தை வேண்டும்.

டீச்சருக்கோ மறுநாளே வெளியூரில் பயிற்சி. திரும்பி வரப் பல நாள் ஆகும். அதனால் ஒரு பெரிய அட்டையில் கடினமான வார்த்தைகளையும் பக்கத்தில் தமிழில் அர்த்தத்தையும் எழுதி மாட்டினார். பாவம், அவர் வெளியூர்க்காரர், ஊர் வழக்கம் தெரியாது. போகிற அவசரத்தில் இப்படிச் சொல்லிவிட்டார்:

"எல்லாத்தையும் ஒரே ஆள் சுமக்க வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கோங்க. அவங்கவங்க வார்த்தையை அவங்கவங்க தினமும் தவறாம பயன்படுத்தணும். புரிஞ்சுதா?"

பங்கு என்று காதில் விழுந்த பிறகு ஓட்டைக்குளத்துப் பிள்ளைக்குப் புரியாமல் இருக்குமா? டீச்சர் தலை மறைந்ததும் வேம்பு அட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நேராகத் தவசி வீட்டுக்குப் போனாள். இங்கிலீஷ் பங்குக்கு வந்திருக்கிறது என்றாள். தவசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஊரில் பங்கு போட ஒன்றும் மிச்சமில்லாமல் அவர் கோல் மூலையில் சாய்ந்து கிடந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் திடலில் ஊர் கூடியது. அட்டையைத் தரையில் விரித்துத் தவசி ஒவ்வொரு வார்த்தையாகக் கோல் வைத்து அளந்தார். முதல் சிக்கல் அங்கேயே வந்தது. ஒரு வார்த்தை நீளமாக இருக்கிறது, ஒன்று கட்டையாக இருக்கிறது, எப்படி ஒரே பங்கு என்று கேட்டார் அழகர். அழகர் யாரென்றால், வேம்போடு படிக்கிற சீனியம்மாவின் அப்பா. அவருக்கு வந்தது 'எக்ஸ்க்விசிட்'. அழகோ அழகு என்று அர்த்தம். அர்த்தமெல்லாம் சரிதான், அளவில் குறைகிறதே என்று மனுஷன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சின்ன வகுப்புப் புத்தகத்திலிருந்து 'வெரி' என்கிற வார்த்தையை எடுத்துக் கொசுறாகக் கொடுத்து அவரைச் சமாதானம் செய்தார்கள்.

'மெலங்கலி' என்றால் மனத்துயரம். அது வெள்ளையனுக்குப் போனது. வெள்ளையன் ஊரிலேயே சிரித்த முகக்காரர், கல்யாண வீட்டிலும் சிரிப்பார், மற்ற வீட்டிலும் சிரிப்பார். 'கார்காஞ்சுவன்' என்றால் ராட்சத அளவு. அதை அளந்த கூலிக்குத் தவசியே வைத்துக்கொண்டார். 'மேக்னானிமஸ்' என்றால் பெருந்தன்மை. அது கிழக்குத் தெரு சொக்கலிங்கத்துக்கு விழுந்தது. சொக்கலிங்கத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். தன் வீட்டு நாய் அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டினால் கூட நாயைக் கட்டிப் போட்டுவிடுகிற ஆசாமி.

மற்ற வார்த்தைகளும் வீட்டுக்கு ஒன்றாகப் போயின. மிச்சம் கிடந்தது 'கேட்டாஸ்ட்ரஃபி'. பக்கத்தில் 'பேரழிவு' என்று எழுதியிருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. மாயாண்டி அந்நேரம் வேலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லாததால் அது அவர் வீட்டுக்குப் போயிற்று.

வேம்பு அப்பாவை எழுப்பிச் சொன்னாள். மாயாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு, நீளம் எப்படி என்று மட்டும் கேட்டார். நல்ல நீளம் என்றாள். அப்போ சரி என்று விட்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரே இங்கிலீஷை அனுபவிக்க ஆரம்பித்தது. அர்த்தமில்லாமல் வார்த்தையைச் சொன்னால் அது அனுபவம் ஆகாது என்று தவசி தெளிவாகச் சொல்லியிருந்தார். அதனால் அழகர் தினமும் எதையாவது பார்த்து மயங்கியாக வேண்டும். ஒரு நாள் எருமையைப் பார்த்து 'வெரி எக்ஸ்க்விசிட்' என்றார், ஒரு நாள் தன் சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கு எருமைக்கு அப்புறம் தன்னிடம் வந்தது பிடிக்கவில்லை.

வெள்ளையன் பாடு இன்னும் மோசம். காலையில் எழுந்து துக்கப்பட வேண்டும். வராத துக்கத்தை எங்கே போய்த் தேடுவது? சாயங்காலம் வரை முயற்சி செய்து பார்த்துவிட்டு, துக்கம் வரவில்லையே என்று நினைத்து அழுவார். அழுததும் 'மெலங்கலி' என்று சொல்லிவிட்டு, அப்பாடா முடிந்தது என்று சிரிப்பார். சொக்கலிங்கம் தினமும் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் கையில் ஒரு புளியம்பழம் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு 'மேக்னானிமஸ்' என்பார். சிலசமயம் வாங்கினவர் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலேயே ஓடி, கொட்டையையாவது கொடுத்துவிட்டுப் போ என்று கேட்பதும் உண்டு.

வேம்பு வீட்டில்தான் பெரிய பாடு. தினமும் ஒரு பேரழிவு வேண்டும். முதல் நாள் தானாகவே வந்தது, கஞ்சி அடிப்பிடித்தது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பொழுது சாய ஆரம்பித்ததும் வேம்பு கணக்குப் போட்டுப் பார்த்தாள். பங்கு பறிபோனால் அதிகாரி வரும்போது ஒரு வார்த்தை குறையும், ஒரு வார்த்தை குறைந்தால் ப்ளஸ் ஒன் போகும், ப்ளஸ் ஒன் போனால் அப்பா சாகிற வரைக்கும் பின்வாசல் வழியாகவே இறங்குவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பானையை எட்டி உதைத்தாள். 'கேட்டாஸ்ட்ரஃபி' என்றாள்.

அதற்கப்புறம் குடும்பமே கை கொடுத்தது. ஒரு நாள் மாயாண்டி ஆடுகளை அவிழ்த்து அழகரின் கீரைப் பாத்தியில் விட்டார். ஒரு நாள் அம்மா கூரையில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தாள். இன்றைக்கு ஆயிற்றா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஆயிற்று என்று தெரிந்தால்தான் தங்கள் பானையை வெளியே வைப்பார்கள்.

இதையெல்லாம் சொக்கலிங்கம் வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வார்த்தைக்குத் தினமும் சொந்தப் புளி செலவாகிறது. மாயாண்டியின் வார்த்தைக்கோ அடுத்தவன் கீரை போதும். என்ன அருமையான வார்த்தை. நினைத்து நினைத்து ஏங்கினதில் ஒரு மத்தியானம் கட்டிலில் தூங்கும்போது அவர் வாயிலிருந்து 'கேட்டாஸ்ட்ரஃபி' என்று வந்துவிட்டது. ஆடு தேடி அந்தப் பக்கம் போன மாயாண்டி காதில் அது விழுந்தது.

விஷயம் தவசியிடம் போயிற்று. ஊர் கூடியது. தன் மகள் பானை உடைத்துச் சம்பாதித்த வார்த்தையை இந்த ஆள் படுத்துக்கொண்டே எடுத்துவிட்டார் என்றார் மாயாண்டி. தூக்கத்தில் நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு, நான் அந்த இடத்திலேயே இல்லையே என்றார் சொக்கலிங்கம்.

தவசி கோலை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

"முழிச்சிருக்கிற சொக்கலிங்கம் மேல குத்தம் இல்லை," என்றார். "தூங்குற சொக்கலிங்கம்தான் எடுத்தான். முழிச்சிருக்கிறவனை ஏசுனா அநியாயம். அதனால மாயாண்டி, நீ தினமும் மத்தியானம் போய், தூங்குறவனை மட்டும் ஏசிட்டு வா. இவன் முழிச்சிடாம பார்த்துக்க."

நல்ல தீர்ப்பு என்று எல்லோரும் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து மாயாண்டி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிழக்குத் தெருவுக்குப் போவார். கட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களவாணிப் பயலே, வெட்கமில்லாதவனே என்று குசுகுசுவென்று ஏசுவார். சொக்கலிங்கம் புரண்டு படுத்தால் நிறுத்திவிட்டு, கொசு ஓட்டி, மறுபடி குறட்டை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சொக்கலிங்கத்தின் சம்சாரம் அவருக்கு மோர் கொடுத்து அனுப்புவாள். முழித்த பிறகு அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் ஒப்பிப்பாள். அதில் சொக்கலிங்கத்துக்கு மாயாண்டி குடும்பத்தின் மேல் தீராத கறுவல் வந்துவிட்டது. விழித்திருந்த சொக்கலிங்கத்துக்குத்தான்.

இத்தனை கூத்துக்கு நடுவில் ஒரு காரியம் நடந்திருந்தது. ஊர் முழுக்க எல்லா வார்த்தையும் எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது. தினமும் தெருவில் கேட்கிறார்களே. வேம்புக்கு அட்டையில் இருந்த அத்தனையும் அர்த்தத்தோடு தலைகீழாகத் தெரியும். அந்த ஊர் ஆட்டைத் தட்டி எழுப்பினால் அதுவே சொல்லும்போல இருந்தது. ஆனால் தெரிவது வேறு, தொடுவது வேறு இல்லையா? அடுத்த வீட்டு மாமரத்தில் எத்தனை காய் என்று தெரியும் என்பதற்காகப் பறித்துவிட முடியுமா?

ஜெசிந்தா டீச்சர் பயிற்சி முடிந்து திரும்பிய அன்றே அதிகாரியும் ஜீப்பில் வந்து சேர்ந்தார். குளத்துக் கரைச் சரிவில் ஜீப்பை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார். டீச்சர் வேம்பைப் பார்த்து, எல்லாம் தயாரா என்று கண்ணாலேயே கேட்டார். வேம்பு பெருமையாகத் தலையாட்டினாள்.

அதிகாரி முதலில் சீனியம்மாவை எழுப்பினார். ராட்சத அளவில் இருப்பதை நல்ல இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய் என்றார்.

"தெரியும் சார். இருங்க, கூட்டிட்டு வர்றேன்," என்று சீனியம்மா வெளியே ஓடினாள்.

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். சற்று நேரத்தில் தவசி வந்தார். முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை, ஒரு பக்கம் சவரம் முடிந்திருந்தது. நடுவகுப்பில் நின்று 'கார்காஞ்சுவன்' என்றார், ராட்சத அளவு என்று அர்த்தமும் சொன்னார், மிச்சத் தாடிக்குப் போய்விட்டார்.

உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அதிகாரி தன்னை மறந்து "வெரி குட்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அழகர் எட்டிப் பார்த்தார். "சார், தெரியாம எடுத்துட்டீங்க. 'வெரி' நம்மளுது. 'குட்' பொதுதான், அதை எவ்வளவு வேணா சொல்லிக்கோங்க."

அதிகாரி அடுத்த பையனிடம் மனத்துயரத்துக்கு வார்த்தை கேட்டார். பையன் ஓடிப்போய் வெள்ளையனை வயலிலிருந்து சேற்றுக் காலோடு கூட்டி வந்தான். இத்தனை நாள் பழகியதில் வெள்ளையனுக்குத் துக்கம் இப்போது நினைத்த மாத்திரத்தில் வந்தது. 'மெலங்கலி' என்று ஆரம்பித்ததுமே கதறிவிட்டார். அதைப் பார்த்து வகுப்பே அழுதது. அதிகாரிக்கும் அவர் அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுக்க, வெள்ளையன் காலில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஊர்க்காரர்களுக்குத் தெரிகிறதே தவிரப் பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியாக லீடரை எழுப்பினார்.

"இங்க பாரும்மா, இது ஒண்ணுதான். பெருந்தன்மைக்கு இங்கிலீஷ்ல என்ன? நீ சொல்லிட்டா ப்ளஸ் ஒன்னுக்கு இப்பவே எழுதிடறேன். ஆனா யாரையும் கூப்பிடக் கூடாது. நீயே சொல்லணும்."

வேம்பு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. உதட்டைத் திறந்தால் விழுந்துவிடும். ஆனால் அது கிழக்குத் தெரு பங்கு. ஜன்னலில் ஊர் முழுக்க நின்றது, நடுவில் சொக்கலிங்கமும் நின்றார். அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பெரியப்பா, உங்க வார்த்தையை ஒரே ஒரு தடவை எடுத்துக்கிடட்டுமா?"

"முடியாது," என்றார் சொக்கலிங்கம். "காலையிலயே ஒரு புளியம்பழம் குடுத்தாச்சு. இன்னிக்குப் பெருந்தன்மை முடிஞ்சு போச்சு."

மாயாண்டி தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கெஞ்சினார். இனி ஏசும்போது மரியாதையாக ஏசுகிறேன் என்றார். சொக்கலிங்கம் மசியவில்லை. அதிகாரி பேனாவை மூடப்போனார். வேம்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டவுனும், பஸ்ஸும், அப்பா நடு பஸ்ஸில் நிற்பதும் எல்லாம் கண் முன்னால் கலைந்துகொண்டே போயின.

அப்போது சொக்கலிங்கம் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இரவல் தர மாட்டேன். மாத்திக்கிடறதா இருந்தா மாத்திக்கிடுவோம். உன்னுதை எனக்குக் குடு, என்னுதை நீ வெச்சுக்க. முழுசா."

வேம்பு ஒரு கணம் தயங்கினாள். எத்தனை பானை உடைத்து வளர்த்த வார்த்தை. பெற்ற பிள்ளையைக் கொடுப்பது மாதிரி இருந்தது. அப்பாவைப் பார்த்தாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். மிச்சத் தாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்த தவசி கோலைத் தூக்கி, மாற்றம் செல்லும் என்றார்.

"மேக்னானிமஸ்!" என்று வேம்பு கத்தினது குளத்து மறுகரைக்குக் கேட்டது.

அதிகாரி சிரித்துவிட்டார். டீச்சர் கண்ணை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னார். அதிகாரி காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஒரு பங்கு கை மாறினால், வாங்கினவர் அன்றைக்கே அதை அனுபவித்துவிட வேண்டும். சொக்கலிங்கம் ஒருவர்தான் மறக்கவில்லை. ஏங்கி ஏங்கி வாங்கின வார்த்தை, முதல் நாளே பறிபோகலாமா? அவர் சுற்றும் முற்றும் ஒரு நல்ல பேரழிவைத் தேடினார். சொந்தச் செலவு இல்லாததாக இருக்க வேண்டும். குளத்துக் கரைக்குப் போனார், ஜீப்பைப் பார்த்தார், முட்டுக் கல்லைக் காலால் நகர்த்தினார். ஜீப் மெதுவாகக் கிளம்பி, சரிவில் வேகம் பிடித்து, தொபுக்கென்று குளத்தில் இறங்கியது. சொக்கலிங்கம் நிதானமாக, அனுபவித்து, 'கேட்டாஸ்ட்ரஃபி' என்றார்.

அதிகாரி பேனாவும் கையுமாக ஓடி வந்தார். கூரை மட்டும் தெரிந்த ஜீப்பைப் பார்த்துத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவரும் அலறினார்:

"கேட்டாஸ்ட்ரஃபி!"

ஊருக்கு நம்பவே முடியவில்லை. பட்டப்பகலில், உடையவர் பக்கத்திலேயே நிற்க, கேட்காமல் எடுத்துவிட்டார்.

கரையிலேயே கூட்டம் போட்டார்கள். அதற்குள் அழகர் குளத்தில் இறங்கி ஜீப்புக்கு வலை போட்டுவிட்டார், அந்த வாரம் மீன் முறை அவருடையது. குளத்தில் கிடப்பதெல்லாம் மீன் என்று அவர் வாதாடினார். செதில் இருக்கிறதா என்று தவசி ஆளை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லி, இல்லை என்று தெரிந்த பிறகுதான் விடுவித்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

ஜீப்பைத் தள்ளினவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்து விசாரிக்கிறீர்களே என்று அதிகாரி குதித்தார். சொக்கலிங்கம் தன் வார்த்தையைத் தன் முறையில் அனுபவித்தார், அதில் குற்றமில்லை என்று தவசி விளக்கினார். அப்புறம், இந்த மனுஷனைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

"சார், நீங்க அதைச் சொல்லும்போது தூங்கிட்டு இருந்தீங்களா?"

"யோவ், முழிச்சிக்கிட்டுத்தான்யா இருந்தேன்!"

தவசி உச்சுக்கொட்டினார். அவ்வளவுதான், இனி அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. குற்றம் இரண்டு: காலையில் அழகரின் 'வெரி', இப்போது இது. அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும். அதிகாரி கொடுக்கக்கூடியதாக என்ன இருக்கிறது என்று ஊர் யோசித்தது. வேம்பு முன்னால் வந்தாள்.

"அவர்கிட்ட வகுப்புதான் இருக்கு," என்றாள். "ஒரு குத்தத்துக்கு ஒரு வகுப்பு."

குளத்தில் முங்கிக் கிடந்த ஜீப்பும், இறுகின முகங்களும், பக்கத்தில் காளைகளோடு நின்ற ஆட்களும் அதிகாரி கண்ணில் பட்டன. ஜீப்பைக் காளை பூட்டி இழுக்காமல் அவர் வீடு போய்ச் சேர முடியாது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காளைகள் ஜீப்பை இழுத்தன. அவர் போகும்போது டீச்சர் மட்டும் தலையைக் குனிந்து நின்றார். மாயாண்டியோ மகளைத் தோளில் தூக்கிக்கொள்ளப் போய், அவள் வளர்ந்துவிட்டது தெரிந்து, ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்.

பள்ளிக்கூடம் திறந்தது. வேம்பு புதுத் தாவணி போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில். ஜெசிந்தா டீச்சர் கையில் சாக்பீஸோடு உள்ளே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அது ப்ளஸ் டூ வகுப்பு.

"வேம்பு, நீ இங்க என்ன பண்றே? ப்ளஸ் ஒன் பக்கத்து ரூம்."

"அது கிழக்குத் தெரு பங்கு டீச்சர்," என்றாள் வேம்பு. "நேத்துத்தான் தவசி ஐயா அளந்து குடுத்தாங்க. ப்ளஸ் ஒன்னு அவங்களுக்கு, ப்ளஸ் டூ மேற்குத் தெருவுக்கு. நாங்க அதைத் தொட மாட்டோம். அவங்களும் இதைத் தொட மாட்டாங்க, அதோட படிப்பை நிறுத்திக்குவாங்க."

டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பக்கத்து அறையில் கிழக்குத் தெருப் பிள்ளைகள் இதே மாதிரி சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இதற்குப் பொருத்தமான வார்த்தை ஒன்று அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார். வகுப்பு முழுக்க அவர் வாயையே கவலையோடு பார்த்தது. வாசலில் கோலை ஊன்றிக்கொண்டு தவசியும் நின்றிருந்தார். டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு மெல்லச் சொன்னார்: "வேம்பு, நீ ஓடிப்போய் சொக்கலிங்கத்தைக் கொஞ்சம் கூட்டிட்டு வாம்மா."